ஏழு நாளும் கிறிஸ்தவர்: முத்திப்பேறு பெற்ற பிரடெரிக் ஓசானாம்



யூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு. கணக்குப் பார்க்கும் ஆண்டும்கூட. இம்மலரின் மற்றப் பக்கங்களில் நம் ஆலயத்தின் வரலாற்றைப் படிப்பீர்கள். அடிக்கல் நாட்டியவர்கள், மணி வாங்கிக் கொடுத்தவர்கள், பீடம் அமைத்தவர்கள், இங்கு உழைத்து மறைந்த குருக்கள், இப்பங்கிலிருந்து இறையழைத்தல் பெற்றுச் சென்றவர்கள் ஆகிய அனைவரையும் நன்றியோடு நினைக்கிறோம். நினைப்பது நம் கடமை. ஆயினும் இந்தப் பெருமைகளையெல்லாம் பொறுமையாகக் கேட்ட ஒருவர் எழுந்து, உங்கள் முன்னோர் செய்தது இருக்கட்டும், இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

இத்தகைய கேள்வி ஒன்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாரீஸ் மாநகரில் ஒரு கல்லூரி மாணவர் முன் வைக்கப்பட்டது. அவர் பெயர் பிரடெரிக் ஓசானாம். அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். சட்டம் படித்தவர், பல்கலைக்கழகப் பேராசிரியர், ஒரு பெண்ணின் கணவர், ஒரு குழந்தையின் தந்தை. நாற்பது வயதில் இறந்துபோனார். பல பங்குகளில் ஏழைகளுக்கு உதவிவரும் புனித வின்சென்ட் தே பவுல் சபையை அவரும் நண்பர்களும் தொடங்கினார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அச்சபை எந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது, அவர் தம் வீட்டிலும் வகுப்பறையிலும் எவ்வாறு வாழ்ந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவராக மட்டும் இருக்க மறுத்த அந்த மனிதரின் வரலாற்றை இந்த யூபிலி வேளையில் சிந்திப்பது நமக்குப் பெரிதும் பயன் தரும்.

பெற்றோர் ஏறிய படிகள்

பிரடெரிக் 1813-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். பெற்றோர் பிரெஞ்சுக்காரர்கள். தந்தை நெப்போலியனின் படையில் பணியாற்றிவிட்டு, பின்னர் மருத்துவம் கற்றவர். பிரடெரிக் சிறு குழந்தையாக இருந்தபோதே, 1816-இல், குடும்பம் பிரான்சு நாட்டின் லியோன் நகருக்குத் திரும்பிற்று. அக்குடும்பத்தில் பதினான்கு குழந்தைகள் பிறந்தார்கள். ஆனால் வளர்ந்து ஆளானவர்கள் மிகச் சிலரே. அவருக்கு முதல் எழுத்துக்களைக் கற்றுக்கொடுத்த மூத்த சகோதரி எலிசாவும் இளவயதிலேயே இறந்துபோனாள். இறப்பும் பிரிவும் அவ்வீட்டிற்குப் புதியவை அல்ல.

லியோன் பட்டு நெசவுக்குப் பெயர்போன ஊர். நெசவாளர்களோ உயர்ந்த கட்டடங்களில் நெருக்கமாக வாழ்ந்த ஏழைகள். பிரடெரிக்கின் தந்தை பல ஏழை நோயாளிகளிடம் கட்டணம் வாங்காமலேயே மருத்துவம் பார்த்தார். தாயும் ஏழைகளின் வீடுகளைத் தேடிச் செல்வார். இருவருக்கும் வயதாகி உடல் தளர்ந்தபோது, இனி நான்காம் மாடிக்கு மேல் ஏறுவதில்லை என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்களாம். ஒருநாள் உச்சி மாடியில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வெளியே வந்த மருத்துவர், எதிரே மூச்சு வாங்கப் படியேறி வந்துகொண்டிருந்த மனைவியைக் கண்டார் என்று சொல்வார்கள். யார் யாரைக் கடிந்துகொள்வது? 1837-இல் அந்த நல்ல மருத்துவர், ஏழை நோயாளியைப் பார்க்கச் சென்ற இடத்தில் மாடிப்படியில் தவறி விழுந்துதான் உயிர்நீத்தார்.

பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எங்கே தொடங்குகிறது என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. ஓசானாமுக்கு அது அந்த மாடிப்படிகளில் தொடங்கியது.

சந்தேகம் வந்த நாட்கள்

பக்தியுள்ள குடும்பத்தில் பிறந்துவிட்டால் விசுவாசம் சொத்துப்போலக் கைக்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பதினைந்து, பதினாறு வயதில் பிரடெரிக் கடுமையான சந்தேகங்களுக்கு ஆளானார். கடவுள் உண்டா, திருச்சபை கூறுவது உண்மைதானா என்ற எண்ணங்கள் அவரை இரவில் உறங்கவிடவில்லை. அவருக்குத் தத்துவம் கற்பித்த நுவாரோ என்ற குருவானவர் அவரைக் கண்டிக்கவில்லை; ஒதுக்கவும் இல்லை. லியோன் நகரைச் சுற்றிலும் அவரோடு நெடுந்தூரம் நடந்து, கேள்விகளைக் கேட்கவிட்டு, பொறுமையாகப் பதில் கூறினார். மனத்தில் அமைதி திரும்பியபோது, தம் வாழ்நாளை உண்மையின் பணிக்குத் தருவதாக இளைஞர் பிரடெரிக் கடவுளுக்கு வாக்களித்தார்.

இன்று கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் கோவிலுக்கு வரத் தயங்கினால் நாம் உடனே பதறிப்போகிறோம். அவர்களுடைய கேள்விக்கு நேரம் ஒதுக்கும் பெரியவர் ஒருவர் இருந்தால், அத்தயக்கமே ஆழ்ந்த விசுவாசத்திற்கு வாசலாகலாம் என்பதற்கு ஓசானாம் ஒரு சான்று.

பாரீஸ் மாநகரில்

1831-ஆம் ஆண்டின் இறுதியில் சட்டம் படிப்பதற்காக அவர் பாரீஸ் சென்றார். புரட்சிகளுக்குப் பிந்திய பாரீஸ் அது. படித்தவர்களிடையே கிறிஸ்தவம் பழங்கதையாகிவிட்டது என்ற எண்ணம் பரவியிருந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சிலர் வகுப்பிலேயே திருவெளிப்பாட்டை மறுத்துப் பேசினார்கள். ஓசானாமும் நண்பர்கள் சிலரும் தங்கள் மறுப்புகளை எழுதி அனுப்பி, ஒரு பேராசிரியர் தாம் சொன்னதைத் திருத்திக்கொள்ளும்படி செய்தார்கள்.

பாரீசில் அவருக்கு நல்ல இல்லம் ஒன்று வாய்த்தது. மின்னோட்டத்தை ஆம்பியர் என்ற அளவால் குறிக்கிறோம் அல்லவா? அப்பெயருக்குரிய அறிவியல் மேதை ஆந்திரே மரி ஆம்பியரின் வீட்டில் அவர் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் தங்கியிருந்தார். மனம் சோர்ந்திருந்த ஒருநாள் புனித முடியப்பர் ஆலயத்திற்குள் நுழைந்த ஓசானாம், ஒரு மூலையில் அந்த மாமேதை முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அறிவும் பக்தியும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதை அவர் அங்கே கண்ணால் கண்டுகொண்டார்.

1832-ஆம் ஆண்டு பாரீசில் காலரா கொள்ளைநோய் பரவி ஏறத்தாழ 18,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. இறந்தவர்களில் பெரும்பாலோர் இருண்ட சந்துகளில் வாழ்ந்த ஏழைகள். கல்லூரிக்குப் போகும் வழியெல்லாம் ஓசானாம் கண்டது அந்தக் காட்சியைத்தான்.

பதில் சொல்ல முடியாத கேள்வி

எம்மானுவேல் பாயி என்ற கத்தோலிக்கப் பத்திரிகையாளர் மாணவர்களுக்காக ஒரு விவாத மன்றம் நடத்திவந்தார். வரலாறு, தத்துவம், இலக்கியம் எல்லாம் அங்கே பேசப்படும். விசுவாசிகளும் அவிசுவாசிகளும் வருவார்கள். ஓசானாம் அங்கு நன்றாகப் பேசுவார். அடிமைகளுக்கு விடுதலை தேடித் தந்தது, மருத்துவமனைகளைக் கட்டியது, கல்வியை வளர்த்தது என்று திருச்சபையின் சாதனைகளை அவர் அடுக்கும்போது எதிர்த்தரப்பினர் திணறுவார்கள்.

ஒருநாள் சான் சிமோன் என்பவரின் கொள்கையைப் பின்பற்றிய ஓர் இளைஞர் எழுந்தார். ஓசானாம் சொன்ன எதையும் அவர் மறுக்கவில்லை. கிறிஸ்தவம் பழங்காலத்தில் அரும்பெரும் செயல்களைச் செய்தது உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டார். ஆனால் இன்று அது செத்த மரம் என்றும், கத்தோலிக்கர் என்று பெருமை பேசும் நீங்கள் உங்கள் விசுவாசத்தைக் காட்ட இந்நகரத்து ஏழைகளுக்காக என்ன செய்கிறீர்கள் என்றும் கேட்டார்.

ஓசானாமிடம் பதில் இல்லை. வாதத்தில் தோற்றிருந்தால் அடுத்த கூட்டத்தில் வென்றிருக்கலாம். இது வாதம் அன்று. அவர் ஞாயிறு திருப்பலிக்குச் சென்றார், செபித்தார், விசுவாசத்திற்காக வாதாடினார். ஆனால் பசித்தவன் ஒருவனுடைய வீட்டுக் கதவை இன்னும் தட்டவில்லை. எதிரியின் வாயிலிருந்து வந்த அந்தக் கேள்வியை ஆண்டவரின் குரலாகவே அவர் ஏற்றுக்கொண்டார். அன்று மாலையே அவரும் லத்தாயாந்தியே என்ற நண்பரும் தங்கள் அறையில் குளிர்காய்வதற்கென மிச்சம் வைத்திருந்த விறகை எடுத்துக்கொண்டுபோய் ஓர் ஏழையிடம் கொடுத்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை

1833-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், தம் இருபதாவது பிறந்த நாளில், ஓசானாம் நண்பர்களோடு பாயியின் பத்திரிகை அலுவலகத்தில் கூடினார். அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிறும் அன்று, கடன் திருநாளும் அன்று. ஏழு பேர் இருந்தார்கள்: நாற்பது வயதை நெருங்கிய பாயியும், ஆறு மாணவர்களும். பாயி தலைவரானார். அவர்களிடம் பணமில்லை, அனுபவமுமில்லை. ஏழைகளின் வீடுகளுக்கு நேரில் செல்வது என்ற ஒரு தீர்மானம் மட்டுமே இருந்தது.

யாரிடம் போவது, எப்படிப் போவது என்று தெரியாத அவர்களுக்கு வழிகாட்டியவர் ஒரு கன்னியர். பிறரன்புப் புதல்வியர் சபையைச் சேர்ந்த ரோசாலி ரெந்து என்ற அச்சகோதரி, மூஃப்தார் என்ற மிக ஏழ்மையான பகுதியில் நெடுங்காலமாகப் பணிபுரிந்துவந்தார். 2003-இல் அவரும் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். உதவி தேவைப்பட்ட குடும்பங்களின் பட்டியலையும் ரொட்டி பெறுவதற்கான சீட்டுகளையும் கொடுத்து, ஏழையை எவ்வாறு மரியாதையோடு அணுகவேண்டும் என்பதையும் அந்த மாணவர்களுக்கு அவரே கற்றுக்கொடுத்தார்.

வாரந்தோறும் கூடுவார்கள். செபித்து, ஞான வாசகம் வாசித்து, தாங்கள் சந்தித்த குடும்பங்களின் நிலையைச் சொல்வார்கள். இறுதியில் காணிக்கை பிரிப்பார்கள். யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. செல்வந்த மாணவனும், அன்றைய உணவைக் குறைத்துக்கொண்டு காசு கொண்டுவந்த மாணவனும் அங்கே சமம். அடுத்த ஆண்டு, 1834-இல், புனித வின்சென்ட் தே பவுலைத் தங்கள் பாதுகாவலராகத் தெரிந்துகொண்டார்கள். அதே ஆண்டின் முடிவிற்குள் உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேலானார்கள்.

அறம் செய்யவும் அறிவு வேண்டும்

ஓசானாமிடம் ஒப்படைக்கப்பட்ட குடும்பம் ஒன்றின் கதையைக் கேளுங்கள். ஐந்து குழந்தைகளுக்குத் தாயான ஒருத்தி உழைத்துக் கொண்டுவரும் காசையெல்லாம் கணவன் பிடுங்கிக் குடித்துவிடுவான். அவளையும் பிள்ளைகளையும் அடிப்பான். ரொட்டிச் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் அதுவும் சாராயமாகியிருக்கும். சட்ட மாணவரான ஓசானாம் பொறுமையாக விசாரித்ததில், அவர்கள் இருவருக்கும் முறையான திருமணமே நடக்கவில்லை என்பது தெரியவந்தது. அவனோடு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவளுக்கு இல்லை என்று எடுத்துச் சொல்லி, சட்டத்தின் துணையையும் தேடித் தந்தார். நண்பர்களிடம் பணம் சேர்த்து, இளைய பிள்ளைகளோடு அவளைத் தாய்வீட்டிற்கு அனுப்பிவைத்தார். மூத்த பையன்கள் இருவருக்கும் பாயியின் அச்சகத்தில் வேலை கிடைத்தது.

தாம் படித்த படிப்பை அவர் எங்கே பயன்படுத்தினார் என்று பாருங்கள். நம்மிடையே ஆசிரியர்கள் இருக்கிறார்கள், செவிலியர் இருக்கிறார்கள், வங்கியிலும் அரசு அலுவலகங்களிலும் பணிபுரிவோர் இருக்கிறார்கள், மின்சார வேலையும் கொத்து வேலையும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உண்டியலில் பத்து ரூபாய் போடுவதோடு பிறரன்பு முடிந்துவிடுவதில்லை. விதவை ஒருத்திக்கு உதவித்தொகை மனுவை ஒழுங்காக எழுதிக்கொடுப்பதும், ஒழுகும் கூரையை ஒரு சனிக்கிழமை ஏறிச் சரிசெய்துகொடுப்பதும் ஓசானாம் காட்டிய வழிதான்.

ஒருமுறை பிரிந்த சகோதர சபையைச் சேர்ந்த போதகர் ஒருவர், ஏழைகளுக்குக் கொடுக்கும்படி ஓசானாமிடம் ஒரு தொகையைத் தந்தாராம். முதலில் கத்தோலிக்க ஏழைகளுக்கு, மீதியிருந்தால் மற்றவர்களுக்கு என்று உறுப்பினர் ஒருவர் சொன்னபோது, எப்போதும் சாந்தமாகப் பேசும் ஓசானாம் கோபங்கொண்டார். அப்படியானால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றார். பசிக்கு ஞானஸ்நானப் பதிவேடு கிடையாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

வகுப்பறையும் வீடும்

1836-இல் சட்டத்திலும், 1839-இல் தாந்தே என்ற மாபெரும் கவிஞரைப் பற்றிய ஆய்வுக்காக இலக்கியத்திலும் அவர் முனைவர் பட்டம் பெற்றார். சிறிது காலம் லியோனில் வணிகச் சட்டம் கற்பித்தார். அவ்வகுப்புகளிலேயே, தொழிலாளியை ஒரு கருவியாக மட்டும் கருதி, கூடுமான வரை குறைந்த செலவில் அவனிடமிருந்து வேலை வாங்குவது தவறு என்று விளக்கினார். ஒரு மனிதனின் கூலி அவன் உயிர்வாழவும், பிள்ளைகளைப் படிக்கவைக்கவும், முதுமையில் ஓய்வுபெறவும் போதுமானதாக இருக்கவேண்டும் என்பது அவர் போதனை. தொழிலாளர் நிலை பற்றித் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் சுற்றுமடல் வெளியிட்டது 1891-இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு பொதுநிலையினர் வகுப்பறையில் நின்று இதைச் சொல்லிவிட்டார்.

துறவியாகலாமா என்று அவர் நெடுங்காலம் தயங்கினார். லக்கோர்தேர் என்ற புகழ்பெற்ற சாமிநாதர் சபைக் குருவின் வாழ்க்கை அவரைக் கவர்ந்தது. இறுதியில், பழைய ஆசிரியர் நுவாரோ காட்டிய வழியில், இல்லறமே தம் அழைத்தல் என்று தெளிந்தார். 1841-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் அமேலி என்ற நங்கையை மணந்தார். குருவாகியிருந்த அவருடைய அண்ணன் திருமணத் திருப்பலி நிறைவேற்றினார். அந்நாளின் நினைவாக ஒவ்வொரு மாதமும் 23-ஆம் தேதி மனைவிக்கு மலர்க்கொத்து கொடுப்பது அவர் வழக்கம். மரணப் படுக்கையிலும் அவர் அதை மறக்கவில்லை. ஏழைகளைத் தேடி ஓடியதால் வீட்டாரை மறந்தவர் அல்லர் அவர். 1845-இல் மகள் மரி பிறந்தாள். அக்குழந்தைக்காக அவர்கள் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

ஒரு புத்தாண்டு நாளில், வறுமையால் தங்கள் பழைய அலமாரியை அடகு வைத்துவிட்ட ஒரு குடும்பம் ஓசானாமின் நினைவுக்கு வந்தது. நல்ல நாட்களின் நினைவாக அவர்களிடம் எஞ்சியிருந்த பொருள் அது ஒன்றுதான். அதை மீட்டுக் கொடுக்க விரும்பினார். அது அவ்வளவு அவசியமில்லை என்று மனைவி கூறியதும் விட்டுவிட்டார். மாலையில் மகளுக்கு வந்த பரிசுப் பொருட்கள் வீடெங்கும் கிடந்தன. அவர் மட்டும் வாட்டமாக இருந்தார். காரணம் கேட்டறிந்த அமேலி, உடனே போய் மீட்டுக் கொடுக்கும்படி அவரை அனுப்பிவைத்தார். திரும்பி வந்தபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. வீட்டுக்கு வீடு பிறரன்பு இப்படித்தான் வளரவேண்டும்: ஒருவர் மனம் நெகிழ, மற்றவர் ஒத்துழைக்க.

1840-இல் கடினமான தேர்வொன்றில் முதலிடம் பெற்று, பாரீசின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு இலக்கியம் கற்பிக்கத் தொடங்கிய ஓசானாம், 1844-இல் அங்கேயே முழுநிலைப் பேராசிரியரானார். வகுப்பில் அவர் மறையுரை நிகழ்த்தவில்லை. இரவெல்லாம் ஆயத்தம் செய்து, உண்மையை நேர்மையாக எடுத்துரைத்தார். கிறிஸ்தவ ஆசிரியரின் முதற்கடமை நன்றாகப் பாடம் நடத்துவது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1852-இல் காய்ச்சலோடு படுத்திருந்தபோது, மாணவர்கள் வகுப்புக்காகக் குரலெழுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மருத்துவரும் மனைவியும் தடுத்தும் எழுந்துபோய்ப் பாடம் நடத்தினார்.

தோல்விகள்

விசுவாசத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தால் எல்லாம் வெற்றியாகவே முடியும் என்று நினைக்கவேண்டாம். 1848-ஆம் ஆண்டு பிப்ரவரியில் புரட்சி வெடித்து மன்னராட்சி வீழ்ந்தது. ஓசானாம் ஏழைகளின் பக்கம் நின்றார். லியோன் பகுதியில் தேர்தலுக்கு நின்று தோற்றார். லக்கோர்தேருடனும் மற்ற நண்பர்களுடனும் சேர்ந்து ஒரு நாளிதழ் தொடங்கினார். கிறிஸ்தவர்களும் குடியரசு ஆட்சியும் கைகோக்கலாம் என்றும், தொழிலாளியின் துன்பத்திற்குச் செல்வந்தர்களும் பொறுப்பாளிகள் என்றும் அது எழுதிற்று. வசதி படைத்த கத்தோலிக்கர் பலர் முகம் சுளித்தார்கள். ஏறத்தாழ ஓராண்டிலேயே அந்த இதழ் நின்றுபோயிற்று.

அதே ஆண்டு ஜூன் மாதம் பாரீஸ் தெருக்களில் வேலையற்ற தொழிலாளர்களுக்கும் அரசுப் படைக்கும் கடும் போர் நடந்தது. ஓசானாமும் நண்பர்கள் இருவரும் பேராயர் அஃப்ர் ஆண்டகையைச் சந்தித்து, சமாதானம் பேச முன்வருமாறு வேண்டினார்கள். நல்ல ஆயனாகிய அவர் இசைந்தார். ஜூன் 25-ஆம் நாள் தெருத் தடுப்புகளுக்கு இடையே சமாதானம் சொல்லச் சென்ற பேராயர்மீது குண்டு பாய்ந்தது. இரு நாட்களில் உயிர்நீத்தார். இத்துயரம் ஓசானாமின் உள்ளத்தை எவ்வளவு வாட்டியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. இருந்தும் அவர் வீட்டுக்குள் ஒதுங்கிவிடவில்லை. 1849-இல் காலரா மீண்டும் வந்தபோது, அவர் சபையின் உறுப்பினர்கள் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று பணிசெய்தார்கள்.

இத்தனைக்கும் வேண்டிய பலம் அவருக்கு எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு காலையிலும் வேதாகமத்தைத் திறந்து வாசிப்பார். திருப்பலியும் நற்கருணையும் அவருடைய உயிர்மூச்சு. பீடத்தில் அப்பவடிவில் பெற்றுக்கொண்ட அதே இயேசுவைத்தான் இருண்ட மாடியறையில் கந்தல் போர்வைக்குள் கண்டு வணங்கினார். ஞாயிறு வழிபாடு போதும் என்றிருப்பவர்களும், ஏழைக்கு உதவினால் போதும் கோவில் எதற்கு என்பவர்களும் ஓசானாமைத் தங்கள் பக்கம் இழுக்க முடியாது.

தேவமாதா பிறந்த நாளில்

1846 முதல் தளர்ந்துவந்த உடலைச் சிறுநீரக நோய் முற்றிலும் வீழ்த்தியது. ஓய்வுக்காக இத்தாலிக்கு அனுப்பப்பட்டபோதும், தஸ்கனி நாட்டு நகரங்களில் வின்சென்ட் தே பவுல் சபைக் கிளைகள் தோன்ற உழைத்தார். 1853 ஏப்ரல் 23-ஆம் நாள், நாற்பதாவது பிறந்த நாளன்று, பீசா நகரில் இருந்தபடி, இளம் மனைவியையும் ஏழு வயது மகளையும் முடிவுறாத நூல்களையும் விட்டுப் பிரியும் வேதனையைக் கடவுள்முன் மறைக்காமல் எழுதி, தம்மை அவருடைய சித்தத்திற்கு ஒப்புக்கொடுத்தார். மோட்ச அன்னையின் திருநாளான ஆகஸ்ட் 15-ஆம் நாள் வலியோடு கோவிலுக்கு நடந்துசென்று திருப்பலி கண்டார். பிரான்சு திரும்பும் வழியில், மார்செய் துறைமுக நகரில், 1853 செப்டம்பர் 8-ஆம் நாள் மாலை ஆண்டவரில் துயில்கொண்டார். நாம் வேளாங்கண்ணி அன்னையின் திருவிழாவாகக் கொண்டாடும் நாள் அது. அவரது உடல் பாரீசின் கார்மேல் புனித சூசையப்பர் ஆலய நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

1926-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் தொண்டை அடைப்பான் நோயால் சாகக் கிடந்த குழந்தை ஒன்று அவருடைய பரிந்துரையால் குணமடைந்தது. திருச்சபை அதைப் புதுமையாக ஏற்றது. 1997 ஆகஸ்ட் 22-ஆம் நாள், உலக இளையோர் மாநாட்டின்போது, பாரீஸ் நோத்ர்தாம் பேராலயத்தில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். ஏழு பேரோடு தொடங்கிய சபை 1863-இல் இந்திய மண்ணிற்கும் வந்தது. இன்று ஏறத்தாழ 150 நாடுகளில் பணிபுரிகிறது.

நமக்கு வரும் கேள்வி

அன்பர்களே, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், விசுவாசத்திற்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையே விழும் பிளவை நம் காலத்தின் பெரும் தவறுகளில் ஒன்றாக எண்ணும்படி நம்மை எச்சரித்தது. ஓசானாம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தம் வாழ்வால் அப்பிளவை மூடியவர்.

யூபிலிக் கொடி இறங்கிவிடும், அலங்கார விளக்குகள் அவிழ்க்கப்படும், மறுநாள் திங்கட்கிழமை விடியும். சமாதானம் கூறிக் குவிந்த கை அன்று கந்துவட்டிக் கணக்கு எழுதுமானால், ஒரே அப்பத்தில் பங்குகொண்டவர்கள் தெருவில் சாதி பார்த்து ஒதுங்குவார்களானால், வீட்டு வேலைக்காரிக்கு உரிய கூலியைக் குறைத்துவிட்டுத் திருவிழா நன்கொடைப் பட்டியலில் நம் பெயரைப் பெரிதாகப் போடச் சொல்வோமானால், பாரீஸ் இளைஞர் கேட்ட கேள்வியை நம் ஊர் இந்துச் சகோதரரும் இஸ்லாமியச் சகோதரரும் கேட்க உரிமை உண்டு. அவர்கள் கேட்காவிட்டாலும் கடைசி நாளில் ஆண்டவர் கேட்பார். பசித்திருந்தபோதும் நோயுற்றிருந்தபோதும் நாம் தம்மைத் தேடிவந்தோமா என்பதுதான் அவர் கேட்கப்போவது என்று நற்செய்தியில் முன்னரே சொல்லிவிட்டார்.

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று வேண்டுகிறேன். இந்த யூபிலி ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு வீட்டைத் தெரிந்துகொள்ளட்டும். அது படுக்கையிலிருந்து எழ முடியாத முதியவரின் வீடாக இருக்கலாம், தனித்துவிடப்பட்ட பெண்ணின் வீடாக இருக்கலாம், பிள்ளையின் படிப்பு நின்றுபோன வீடாக இருக்கலாம். அவர்கள் எந்த மதத்தினர் என்று கேட்கவேண்டாம். வாரத்தில் ஒருநாள் அங்கே போங்கள். வாசலில் நின்று கொடுத்துவிட்டுத் திரும்பாமல் உள்ளே போய் உட்காருங்கள். அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையில் சேர விரும்பும் இளைஞர்கள் என்னை வந்து பாருங்கள்.

அடுத்த யூபிலியின்போது இப்பங்கின் வரலாற்றை எழுதப்போகிறவர்களுக்கு, கட்டடங்களோடு சேர்த்து இதையும் எழுத நாம் வாய்ப்பளிப்போம். முத்திப்பேறு பெற்ற பிரடெரிக் ஓசானாமின் வேண்டுதலால் இறைவன் உங்கள் அனைவரையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.

ஆண்டவரில் உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை